புழுதி சொன்ன திசை

எஞ்சின் இருமவில்லை, முனகவில்லை.
பேசிக்கொண்டிருந்தவர் பாதியில் எழுந்து போனதுபோல்
நின்றுவிட்டது.
முன்விசிறி மட்டும் காற்றுக்குச் சுற்றியது,
வேலை போனது இன்னும் தெரியாத ஆளைப்போல.

சஸ்காச்சுவான். ஜூலை. காலை ஒன்பதேகால்.
தரைக்கு மேலே இரண்டாயிரத்து இருநூறு அடி.
அதைச் சில்லறைபோல் எண்ணினேன்:
மூன்று நிமிடம்.
மேலே கடன் தருவார் இல்லை.

பக்கத்து இருக்கையில் லயனல் பெட்ருனியாக்,
ஆழ்துளைக் கிணறு தோண்டுகிறவர்.
"சத்தத்தையே காணோம்?" என்றார்.
"இறங்கப் போகிறோம்."
"எங்கே?"

இடப்பக்கம் ஓர் ஏரி, நீலம்.
வேண்டாம் என்று கண்ணைத் திருப்பிய பிறகுதான் உறைத்தது,
ஏரிக்கு நான்கு மூலை இராது.
ஆளி பூத்த வயல்.
அதற்குள் அதைத் தாண்டிவிட்டிருந்தேன்.

வலப்பக்கம் கனோலா.
படுத்துக்கொள் என்கிற மஞ்சள் மெத்தை,
இடுப்பளவு உயரம்.
சக்கரத்தைக் கட்டிப்பிடித்துக்
குப்புறத் தள்ளுகிற பாசம் அதற்கு.

சாலை நூல் பிடித்த நேர்.
ஆனால் ஓரத்தில் நிழல்கள் சம இடைவெளியில் கிடந்தன.
நிழல் இருந்தால் கம்பம், கம்பம் இருந்தால் கம்பி.
கம்பியைப் பார்த்தவர்கள்
அநேகமாக அதைத் தொட்டபின் பார்த்தவர்கள்.

உழுது போட்ட கறுப்பு மண்ணில்
செவ்வாய்க்கிழமை மழை இன்னும் மினுங்கியது.

தேர்ந்தெடுத்தாய் என்று பிற்பாடு எல்லோரும் சொன்னார்கள்.
நான் செய்தது கழித்தல்.
மிஞ்சியது, தீவனப்புல் அறுத்த ஒரு துண்டு நிலம்.
வடபாதியில் உருளை உருளையாகப் புல்கட்டுகள்,
தென்பாதி காலி.

கிழக்கே பார்த்து இறங்குவதாகத்தான் இருந்தேன்.
அப்போது சரளைச் சாலையில் ஒரு லாரி.
பின்னால் எழுந்த புழுதி
அப்படியே கிழக்கே சரிந்தது.
காற்று மேற்கிலிருந்து!
சுற்றிக்கொண்டு வந்தேன்,
அந்தச் சுற்றுக்கு நானூறு அடி விலை.

"கதவைத் திறந்து வையுங்கள்,
இடுக்கில் சட்டையைச் செருகுங்கள்" என்றேன்.
செருகினார்.
பிறகு பல்செட்டைக் கழற்றித்
துடைத்துப் பையில் போட்டுக்கொண்டார்.
நான் சொல்லித் தராதது அது.

முடிவை மாற்றாதே என்பது பாடம்.
நூற்றைம்பது அடியில் பார்க்கிறேன்,
புல் ஒரே பச்சையாக இல்லை.
இந்தப் பக்கம் ஒரு பச்சை, அந்தப் பக்கம் வேறொன்று,
நடுவே கோடு.
வேலி!
நிலம் பாதியாகச் சுருங்கியது.
கையிருப்பில் இருந்த வேகத்தையெல்லாம் கொட்டி
மூக்கை ஒரு விரல் தூக்கினேன்.
அடியில் முள்கம்பி போனது.
போனதாக நம்பினேன்.

அப்புறம் தடதடவென்று பூமி.

வலது இறக்கையின் நுனி
ஒரு கட்டைத் தட்டிப் பார்த்து நின்றது.
லயனல் ஏதோ சொன்னார்.
பல் இல்லாத வாயில் அது
நன்றியா வசவா தெரியவில்லை.
இன்றுவரை கேட்கவில்லை.

நிலத்துக்காரி வெரா டிமிட்ருக்
நான்குசக்கர வண்டியில் வந்து
எங்களை ஏற இறங்கப் பார்த்தாள்.
"ஒரு கட்டுதானே?" என்றாள்.

அந்த லாரி யாருடையது என்று விசாரித்தேன்.
லாரி போனதையே வெரா கவனிக்கவில்லை.
ஓட்டியவர் கண்ணாடியில் தன் புழுதியைப் பார்த்து
முகம் சுளித்திருப்பார், அவ்வளவுதான்.

மதியம் விமானத்தைக் கட்டிப்போட வந்தேன்.
ஆளிப்பூக்கள் இதழ் உதிர்த்திருந்தன.
ஏரி இருந்த இடத்தில்
சமமான, நீளமான, வெறும் பச்சை வயல்.