பதினெட்டுச் சொட்டு

சூரியன் போய் ஏழு வாரம்.
நண்பகலில் ஒரு நீலம் மட்டும் வருகிறது,
செருப்பைக் கழற்றாத விருந்தாளி போல
வாசலில் நின்று பேசிவிட்டுப் போகிறது.

பனி தள்ளும் வண்டியைத் துறைமுகத்தில் விட்டுவிட்டு
கம்பளிக் காலுறையோடு
அடுப்படியில் நிற்கிறேன், ஓட்னி.
நீ மீன் ஆலையிலிருந்து திரும்ப
இன்னும் ஒன்றரை மணி நேரம்.

பிறந்தநாள் இல்லை, மணநாள் இல்லை.
நேற்று ஸ்வெட்டரைக் கழற்றும்போது
வலது கை பாதி வழியில் நின்றதே,
கம்பளிக்குள் முகம் மறைந்தபடி
"கொஞ்சம் பொறு" என்று யாரிடமோ சொன்னாயே,
அதற்காக.

மருந்துக்கடை மாரித் சொன்ன கணக்கு:
அறுபது மில்லி பாதாம் எண்ணெய்க்குப் பதினெட்டுச் சொட்டு.
மேலே போனால் தோல் கோபித்துக்கொள்ளுமாம்.
இருமல் மருந்து தீர்ந்த பழுப்புக் குப்பியை
மூன்று முறை வெந்நீரில் அலசி
ஹீட்டர் மேல் கவிழ்த்துக் காயவைத்தேன்.
துளி ஈரம் இருந்தாலும் கெட்டுவிடும்.
எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் உள்ள பகை
எனக்கா தெரியாது, டீசல் வண்டிக்காரனுக்கு?

லாவெண்டர்.
ஒன்று. இரண்டு.
என் விரல் சாலை உப்புக்குப் பழகியது,
சொட்டுக்குப் பழகவில்லை.
நாலும் ஐந்தும் சேர்ந்தே விழுந்தன.
பன்னிரண்டில் நிமிர்ந்தேன்.
அறை முழுக்க ஜூலை மாதம்.
மயங்கிப் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன்.
பிறகுதான் நினைவு வந்தது

உனக்கு வாசனை தெரியாது.

இரண்டு குளிர்காலம் ஆகிறது.
அந்தக் காய்ச்சல் இறங்கிப் போனபோது
அதையும் கைப்பிடித்துக் கூட்டிக்கொண்டு போனது.
எப்படி மறந்தேன்?
நீ முறையிடுவதில்லை, அதனால்தான்.
காபிக் கோப்பையை இன்னும் மூக்கருகே பிடிக்கிறாய்,
வீட்டில் ஆள் இல்லை என்று தெரிந்தும்
அழைப்புமணியை அழுத்திப் பார்ப்பவர் மாதிரி.
பால் திரிந்ததா என்று என் முகத்துக்கு நீட்டுகிறாய்.
மீன் குடலோடு வேலை செய்ய இது வசதி என்று
தோழிகளுக்கு முன்னால் நீயே சிரிக்கிறாய்.

கொட்டிவிடலாமா?
குப்பியோடு தொட்டி வரை போனேன்.
எனக்கு நானே வாங்கிக்கொண்ட பரிசு மாதிரி
வெட்கமில்லாமல் மணத்துக்கொண்டிருந்தது.

அப்போது பைக்குள் கிடந்தது கண்ணில் பட்டது,
மாரித் சும்மா போட்டுக் கொடுத்த சின்னப் புட்டி.
புதினா.
மூக்கு அடைத்துக் கிடந்தாலும்
புதினா வந்தது கழுத்துக்குத் தெரியும்.
ஆறு சொட்டு.
இந்த முறை ஒவ்வொன்றாக.

வந்தாய், முடியில் ஒரு செதில் மின்ன.
குளித்தாய்.
குப்பி வெந்நீர்க் கிண்ணத்தில் சீக்கிரம் சூடானது,
என் கைகளுக்குத்தான் நேரம் பிடித்தது.

"என்ன வாசனை?" என்றாய், தலையணைக்குள்ளிருந்து.
எனக்குப் பேச்சு வராது, நீ அறிவாய்.
"உன் அக்கா வீட்டு அலமாரி" என்றேன்,
"போர்வை அடுக்கியிருப்பாளே, அந்தத் தட்டு."
"கீழ்த்தட்டா?"
"மேல்தட்டு."
கொஞ்ச நேரம் அங்கே போயிருந்தாய்.

தோள்பட்டைக்குக் கீழே ஒரு முடிச்சு.
இந்தப் பருவத்து மீன்கள் எல்லாம்
அதில் வந்து கட்டிக்கொண்டிருந்தன.
கட்டைவிரலால் சுற்றிச் சுற்றி வந்தேன்.
அவிழ்க்கத் தெரியாது. தட்டிப் பார்த்தேன்,
உள்ளே யாராவது இருக்கிறீர்களா என்று.

அசையாமல் கிடந்தாய்.
பிறகு, குளிரும் இடத்தைத் தேடிக் கண்டவள் போல,
"புதினா" என்றாய்.

நான் சொல்லவே இல்லை, ஓட்னி.

மூன்று மணிக்கு அழைத்தார்கள், மலைச்சாலை மூடிவிட்டதாம்.
சோப்புப் போட்டும் ஸ்டியரிங் வழுக்குகிறது.
வண்டி முழுக்க உன் முதுகு.
விளக்கு வெளிச்சத்தில் வெள்ளை வந்து வந்து விழ,
விடிந்ததும் நீ கேட்பாய் என்று
சொல் தேடிக்கொண்டே தள்ளுகிறேன்:
நனைந்த கட்டை, இல்லை.
அறுத்த புல், அதுவும் இல்லை.
வெயிலில் கிடந்த கயிறு,
கிட்டத்தட்ட.