இரட்டைப் பூச்சியம்

மூஹு தீவில் ஜூன் மாதம்
இரவு பத்து மணிக்கும் தாளில் வெயில்.
கம்பிச் சட்டத்தைச் சுண்ணாம்புக்கல் மேல் வைத்துவிட்டு
லீவிக்கா மண்டியிட்டுப் பெயர் சொல்கிறாள்,
நான் எழுதுகிறேன்.
காட்டுத் தைம், நாற்பது விழுக்காடு.
செம்மறிப் புல், பன்னிரண்டு.
இது ஏதோ பாசி; பாசி என்றே போடு.
அதற்கு வலப்பக்கம் கடைசிவரை பூச்சியங்கள்.

பூச்சியம் போட்டுத்தான் கை வலிக்கிறது.
நூற்றுப் பதினெட்டுச் சட்டங்கள், தொண்ணூற்றிரண்டு செடிகள்,
அட்டவணையில் முக்கால்வாசி இல்லாமை.
விதை வந்தே சேரவில்லை.
வந்தது, மூன்று விரல் மண்ணில் வேர் பிடிக்கவில்லை.
பிடித்தது, ஆடு மேய்ந்துவிட்டது.
இருந்தது,
கழுத்தில் கொசு அடித்த நொடியில் நாங்கள் பார்க்கவில்லை.
எல்லாவற்றுக்கும் ஒரே வட்டம்.

ஜனவரியில், தார்த்து நகரத்து அறையில்,
கணினி செடிகளைச் சீட்டுக்கட்டுபோல் கலைத்துப் போட்டது
தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது தடவை.
அத்தனையும் பொய்ப் புல்வெளிகள்:
உவர்ச்செடி மேட்டில் நிற்கும்,
ஆர்க்கிட் அலை நனைக்கும் கூழாங்கல்லில் பூக்கும்.
அவற்றில் ஒன்றுகூட
நிஜப் புல்வெளியளவுக்கு மண்ணோடு ஒத்துப்போகவில்லை.
ஆக, மண்ணின் ஆழத்துக்கு ஒரு பங்கு உண்டு.
எவ்வளவு?
நூற்றில் இருபத்தேழு.
பக்கத்தில் இருப்பதாலேயே ஒன்றுபோல் இருப்பது, பதினொன்று.
மிச்ச அறுபத்திரண்டுக்கு
லீவிக்கா சாம்பல் நிறம் கொடுத்தாள்.
"இதுவே அதிகம்" என்றாள். நிஜம்தான்,
எங்கள் தொழிலில் இதுவே அதிகம்.

பிறகு அந்த விதி.
இரண்டு இடங்களிலும் ஒரு செடி இல்லை என்பதால்
அவை உறவாகிவிடாது.
பாலைவனத்தில் தைம் இல்லை, கடலடியிலும் இல்லை,
இரண்டும் அண்ணன் தம்பியா?
வேற்றுமையை அளக்கும்போது
இரட்டைப் பூச்சியத்தைக் கணக்கில் சேர்க்காதே.
எட்டு வருடமாக மாணவர்களுக்கு நான் சொல்வது இது,
அவர்கள் சிரிக்கும் இடமும் இதுதான்.

சூத்திரம் சரி.
செடிகளைப் பொறுத்தவரை.

அடுத்த ஜூன்,
குய்வஸ்து துறையில் படகு தாமதம்.
அவள் கணவன் ஹெல்சிங்கிக்குக் கப்பலேறி இரண்டு வருடம்.
என் வீட்டில் மார்ச்சிலிருந்து
ஒரே ஒரு கோப்பைதான் கழுவுகிறேன்.
நான்கு கோடைகள் ஒரே காரில் போயிருக்கிறோம்,
இதைப் பற்றி ஒரு சொல் கிடையாது.
தெர்மாஸ் மூடியில் காப்பி ஊற்றி
பாதி குடித்து,
என் பக்கம் நகர்த்தினாள்.
சர்க்கரை இல்லை. நான் சர்க்கரை போடுவதில்லை
என்று அவளுக்கு எப்போது தெரிந்தது?
"நாற்பத்து மூன்றாவது சட்டத்தைத் திரும்பப் பார்க்க வேண்டும்,
போன வருடம் மழையில் பென்சில் எழுதவில்லை" என்றாள்.
சரி என்றேன்.