அரைப்பக்க விளம்பரம்

மலர்க்குழுவிலிருந்து மூன்று பேர் வந்தார்கள்.
எபெனேசர் சபைக்கு நூற்றைம்பதாவது ஆண்டாம்.
முழுப்பக்கம் ஐயாயிரம், அரைப்பக்கம் மூவாயிரம்.
அரைப்பக்கம் போதும் என்றேன்.
‘நஸீர் சவுண்ட் சர்வீஸ், சாம்பல் குடோன் தெரு, ராயபுரம்’
இதற்கு ஒரு வரி போதும்.
மிச்ச இடம் சும்மாதானே கிடக்கும்,
இதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

இந்தத் தெருவில் ஐந்து கோயில்.
ஐந்துக்கும் ஒயர் இழுத்தவன் நான்,
எனக்கு முன் என் அத்தா.
(வெள்ளிக்கிழமை நான் தொழப் போகும் இடத்தில் மட்டும்
பெரம்பூர்க்காரன் செட்.)
முகங்கள் மறந்துபோகின்றன.
எந்தச் சுவரில் எங்கே ஆணி இறங்கும் என்பது
மறப்பதில்லை.

முதலாவது கடல்மாதா கோயில்.
கட்டுமரக்காரர்கள் ஆளுக்கொரு நாள் பாட்டைக் கொடுத்துக்
கட்டியது என்பார்கள்.
துளை போட்டால் ட்ரில் முனையில்
கிளிஞ்சல் தூள் ஒட்டி வரும்.
எனக்குத் தெரிந்த சாட்சி அவ்வளவுதான்.
ஆறு குழாயில் நான்கு
தெருவுக்கு முதுகு காட்டிக் கடலைப் பார்த்திருக்கும்.
உள்ளே இருப்பவனுக்கு எப்படியும் கேட்கும்,
வலையோடு இருப்பவனுக்குக் கேட்கட்டும் என்றாராம்
கோயில்பிள்ளை சவரிராயன்.
அப்புறம் கடல் இரண்டு தெருவைத் தின்றுவிட்டுக்
கிட்டே வந்தது.
குழாயை யாரும் திருப்பவில்லை.

இரண்டாவது ரயில்வே கோயில்.
மைக்கா, எதற்கு என்று
அத்தாவைத் திருப்பி அனுப்பினார் கார்டு லோபோ துரை.
மெல்லப் பேசினாலே கேட்குமாம்.
பிறகு கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ்
ஒரு குடும்பம் குறைந்தது.
பெர்த் கிடைத்துவிட்டது என்றார்கள்.
ரயில்காரர்கள் ஆயிற்றே,
படுக்கை என்று நினைத்தேன். ஊராம்.
ஆட்கள் குறையக் குறைய எதிரொலி கூடியது.
நாற்பது பேருக்கு வேண்டாத மைக்கைக்
கடைசி ஒன்பது பேருக்கு மாட்டினேன்.

மூன்றாவதும் நான்காவதும்
ஒன்றாக இருந்தவை.
திருவிருந்துக் கிண்ணம்
முன்வரிசையிலிருந்து பின்வரிசைக்குப் போகும்.
பின்வரிசை உதடு பட்டபின்
முன்னால் வராது.
எங்கேயும் எழுதி வைக்கவில்லை,
எல்லோருக்கும் தெரியும்.
எழுபத்தொன்றில் ஒரு ஞாயிறு
யோபு மேஸ்திரி மகள் ரூபாவதி
நடந்துபோய் முதல் ஆளாக முழங்காலிட்டாள்.
பத்தொன்பது வயது.

ஆறு மாதத்தில் பாகப்பிரிவினை.
கட்டடம் முன்வரிசைக்கு.
பாய்களும் ஒரு மணியும் பின்வரிசைக்கு.
மைக் செட்டில்தான் இழுபறி:
ஆம்ப்ளிபயர் இவர்களுக்கு, குழாய் அவர்களுக்கு
என்று தீர்ப்பானது.
மறுநாள் காலை இரண்டு பேரும் எங்கள் கடை வாசலில்.
ஒருவருக்குக் குழாய் வாடகைக்கு வேண்டும்,
மற்றவருக்கு ஆம்ப்ளிபயர்.
அத்தா இரண்டையும் கொடுத்தார்.
அந்த வாடகையில்தான் நான் எட்டாவது முடித்தேன்.
இதற்கு என்ன சொல்வதென்று
எனக்கு இன்னும் தெரியவில்லை.

உங்கள் மலரில்
‘இடநெருக்கடியால் சபை இரண்டானது’ என்றிருக்கிறது.
நெருக்கடி வாஸ்தவம்.
இடம் இருந்தது.

ஐந்தாவது, மாவு மில்லுக்கு மேல் மாடியில்.
தகரக் கூரை.
பாஸ்டர் எசேக்கியேல் மாதம் ஒரு ஸ்பீக்கரைக் கருக்குவார்.
ரொக்கம் கொடுத்துவிடுவார்,
அதனால் அந்தச் சபையின் வரலாற்றை
நான் துருவவில்லை.

போன ஆடியில் ரூபாவதி டீச்சர் இறந்துபோனாள்.
நான்காவது கோயிலில் உடல்.
பாட்டு நடுவில் அவர்கள் ஆம்ப்ளிபயர் புகைந்தது.
கடைக்கு ஓடினேன்.
மூன்றாவது கோயில் பழைய இரும்புக்குப் போட்ட
அந்த வால்வு செட்
பரணில் இருந்தது, எடை குறையாமல்.
தூசு ஊதி, சூடேற விட்டு,
கூரையில் துருவேறிக் கிடந்த அதே குழாயில் கொடுத்தேன்.
யாரிடமும் சொல்லவில்லை.
முதலில் ஒரு நீளமான ‘ம்ம்ம்’.
அப்புறம் பாட்டு, கொஞ்சம் கரகரப்பாக.
முன்னால் உட்கார்ந்திருந்த பையன்
காதைப் பொத்திக்கொண்டு
நிறுத்துங்க பாய் என்றான்.

நிறுத்தவில்லை.

மூவாயிரம் எண்ணிக்கொள்ளுங்கள்.
ரசீது வேண்டும்.