ஏழாம் கட்டம்

ஜாலான் அம்பாங், பதினான்காம் மாடி,
வெள்ள இழப்பீட்டுப் பிரிவு.
என் மேசையில் இன்றைக்கு முப்பத்தொரு கோப்புகள்.
கோப்புகளை எண்ணலாம்,
அதில் சிக்கல் இல்லை.

நேற்று நான் தட்டிய 'பர்னிச்சர்ஸ்'
சிவப்பு வட்டத்தோடு திரும்பி வந்திருக்கிறது.
லோகேஸ், இதற்கு எஸ் கிடையாது,
ஒட்டுத்தாளில் மிஸ்டர் கூ.
நாற்காலிக்கு உண்டு, மேசைக்கு உண்டு,
கட்டிலுக்கு உண்டு.
மூன்றும் ஓர் அறையில் சேர்ந்து நின்றுவிட்டால்
கிடையாது.

கவுண்டரில் புஷ்பராணி, செகாம்புட் டாலாம்,
ஆற்றை ஒட்டிய தரைவீடு.
பிளாஸ்டிக் பைக்குள் இன்னும் ஈரம் காயாத ஐ.சி. நகல்.
நான் தமிழில் கேட்கிறேன்,
அவர் தமிழில் சொல்கிறார்,
படிவம் ஆங்கிலத்தில் வாங்கிக்கொள்கிறது.

நாலு நாற்காலி என்கிறார்.
'கள்' இல்லை. நம் பேச்சுக்குத் தேவையும் இல்லை,
நாலு என்றால் நாலுதானே.
நான் ஓர் எஸ் ஒட்டுகிறேன்.
அரிசி என்கிறார்.
எத்தனை என்று வாயெடுத்து
எவ்வளவு என்று மாற்றிக்கொள்கிறேன்.
பத்துக் கிலோ பை, பிரித்து இரண்டு நாள்தான்.
பை ஒன்று.
அரிசி, வால் இல்லாமல்.

துணிமணியில் தடுமாறினேன்.
'குளோத்திங்' என்றால் எண்ண முடியாது.
'குளோத்ஸ்' என்றால் ஒன்றே ஒன்று என்று சொல்ல வழியில்லை.
மகனுக்கு இருந்தது ஒரே பள்ளிச் சட்டை.

பக்கத்து மேசை ஹஸ்லினா
மலாய்க் கோப்பு ஒன்றை வாய்விட்டு வாசிக்கிறாள்.
வீட்டைப் பழக் கணக்கில் எண்ணும் மொழி அது,
பூனையை வால் கணக்கில்.
எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது.

தண்ணி எவ்வளவு வந்துச்சு?
இடுப்பு.
படிவம் சென்டிமீட்டர் கேட்கிறது என்றேன்.
எழுந்து நின்றார்.
முப்பதுக்கு மேல் போகாத என் அடிக்கோலை
தரையிலிருந்து மூன்று முறை வைத்து எடுத்தேன்,
வரிசையில் நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருக்க.

மூணு டேமேஜுன்னு எழுதுங்க என்றார்.
செவுரு, தரை, மீட்டர் பெட்டி.
எழுதினேன், அழித்தேன்.
எஸ் இல்லாவிட்டால் அது சேதம்.
எஸ் போட்டால்
நீதிமன்றம் கொடுக்கச் சொல்லும் பணம்.
அந்த ஓர் எழுத்தைக் காவல் காக்கத்தான்
எங்கள் வக்கீல் ஒன்பதாம் மாடியில் இருக்கிறார்.
பணத்தையும் எண்ண முடியாதாம், இலக்கணத்தில்.
ரிங்கிட்டை எண்ணலாம்.
பஸ் காசு மிஞ்சுமா என்று
அவர் பைக்குள் விரலால் தடவித் தடவி
எண்ணிக்கொண்டுதான் இருந்தார்.

கையெழுத்துப் போட்டு எழும்போது சொன்னது இது:
சீக்கிரம் பாத்துச் செய்யுங்கம்மா,
இன்னும் ரெண்டு மழைதான் தாங்கும்
அந்தச் செவுரு.

ரெண்டு மழை.

ஏழாம் கட்டத்தில் இன்னும் இரண்டு வரி இடம் இருந்தது.
'டூ ரெயின்ஸ்' என்று தட்டினேன்.
பார்த்தேன்.
மிஸ்டர் கூவின் பேனாவில் மை இருக்கும்,
இருக்கட்டும்.

மூன்று நாற்பதுக்கு கோம்பாக் பக்கம் கறுத்தது.
லிப்ட் அவரோடு இறங்கிவிட்டிருந்தது.
இப்போது வரப்போவது
அந்த இரண்டில் சேர்த்தியா என்று
நான் கேட்டிருக்க வேண்டும்.