தண்டால் கணக்கு

மஞ்சக்குப்பம் மைதானம், காலை ஆறேமுக்கால்.
கோல் கம்பத்தின் நிழல்
ஓடுதளம் தாண்டி நீண்டு கிடக்கிறது.
எனக்குக் கொடுத்த வேலை இதுதான்:
புல்லில் ஒருக்களித்துப் படுத்து
வலது முஷ்டியைத் தரையில் ஊன்றி வைப்பது.
தண்டால் எடுக்கும் பெண்ணின் நெஞ்சு
முஷ்டியைத் தொட்டால் ஒன்று.
தொடாவிட்டால் இல்லை.

நாளுக்கு நானூறு ரூபாய். மதியம் எலுமிச்சை சாதம்.

விளையாட்டு விடுதியில் இடம் பதினெட்டு.
வந்திருப்பவர்கள் நூற்று நாற்பத்து மூன்று பேர்.
சுண்ணாம்புக் கையோடு சுவரோரம் எம்பிக் குதிக்கிறார்கள்.
மெடிசின் பந்தைத் தலைக்கு மேலிருந்து எறிகிறார்கள்.
பிடிமானியை நசுக்குகிறார்கள்,
முள் முப்பத்தொன்றில் நிற்கிறது,
கம்பிவேலிக்கு அப்பால் இரண்டு அம்மாக்கள்
முப்பத்தொன்று நல்லதா கெட்டதா தெரியாமல்
ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள்.

கால்பந்துகள் மட்டும்
வலைப்பைக்குள் முடிச்சிட்டு
வேப்பமரத்தடியில் கிடக்கின்றன.
அது நாளைக்கு. அதுவும் முதல் நாற்பது பேருக்கு.

சென்னையிலிருந்து வந்த தேர்வாளர் சொன்னார்,
"நம்பர் பொய் சொல்லாதும்மா."
சொல்லாது சார்.
கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும்.

என் முஷ்டிக்கு வேறு சில தெரியும்.
நெல்லிக்குப்பத்துப் பெண்ணுக்கு ஏழாவதில் வயிறு முனகியது,
பஸ்ஸில் வாந்தி வருமென்று வெறும் வயிற்றில் வந்திருக்கிறாள்.
குறிஞ்சிப்பாடிக்காரி மூச்சைச் சத்தமாக விடவே இல்லை,
பக்கத்தில் யாரோ நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்குவது போல.
ஒருத்தி தொடாமலே தொட்டதாக ஐந்து ஓட்டினாள்.
ஆறாவதில் அவளாகவே நின்று
"வேணாங்க்கா, முதல்லேர்ந்து எண்ணுங்க" என்றாள்.
எண்ணினேன். நான்கு.

பிறகு நஸ்ரினும் பிரகல்யாவும்.
ஒரே தண்ணீர் பாட்டில்,
நடுவில் ஸ்கெட்ச் பேனாவால் கோடு:
மேல்பாதி உனக்கு, கீழ்ப்பாதி எனக்கு.

நஸ்ரின் பதினொன்று.
பன்னிரண்டுக்கு இறங்கும்போது முழங்கை விட்டுப்போய்
என் கைமேலேயே விழுந்து சிரித்தாள்.
சிரிக்கிற நெஞ்சின் அதிர்வு தனி.

அடுத்து பிரகல்யா.
எட்டு, ஒன்பது, பத்து,
இஸ்திரிப் பெட்டி போய் வருவது போல.
பதினொன்று.
மேலே போய் நின்றாள்.
கை நடுங்கவில்லை, இடுப்பு தொய்யவில்லை.
இன்னும் ஏழெட்டு இருந்தது அந்தத் தோளில்,
முஷ்டிமேல் சத்தியம்.
"முடியலைக்கா."
முடியாதவர்களுக்கு அந்த வார்த்தை
இத்தனை தெளிவாக வாயில் வராது.

தாளில் பெயர், வயது, எடை, எண்ணிக்கை.
கடைசியில் ஒரு விரல் அகலத்துக்கு 'இதர'.
காயம் இருந்தால் எழுதுவதற்கு.
பேனாவை அதன்மேல் வைத்தேன்.
என்னவென்று எழுத?
தோழிக்காக ஆஃப்சைடு கோட்டில் காத்து நிற்பவளா,
ஆளில்லாத கோலை விட்டுவிட்டு
பக்கத்தில் ஓடி வருபவளைத் தேடுகிறவளா?
முதலாவது வேண்டும் எந்த அணிக்கும்.
இரண்டாவதும்தானோ, தெரியவில்லை.

ஏழு வருடம் முன்னால் இதே புல்லில்
நான் எடுத்தது பத்தொன்பது.
கோல்கீப்பர். மாவட்டத்தில் இரண்டாமிடம்.
பந்து நேரே வரும்போது
ஒரு நொடி கண்ணை மூடிக்கொள்வேன் என்பது
அன்றைக்கு யார் முஷ்டிக்கும் தட்டுப்படவில்லை.
விடுதியில் மூன்றாம் மாதம் தட்டுப்பட்டது.

பிரகல்யா, 11 என்று எழுதினேன்.
'இதர' கட்டத்தில் பேனா வைத்த இடத்தில்
ஒரு நீலப் புள்ளி மட்டும். தேர்வாளர் கேட்டால்
மை கசிந்தது என்பேன்.

காற்று திரும்பியது, சிப்காட் பக்கத்திலிருந்து வாடை.
துப்பட்டாவில் மூக்கைத் துடைத்துக்கொண்டு
விரல்களை விரிக்கப் பார்த்தேன்.
மரத்துப்போய் மூடியபடியே இருந்தன.
சரி, இருக்கட்டும். எப்படியும் மூடத்தானே வேண்டும்.

எண்பத்தாறு, வாம்மா.
செயினைக் கழற்றி அக்காகிட்ட குடு.
முதுகு நேரா.