எத்தனை அடி

எங்கள் ஓனருக்கு எட்டு ரிக் வண்டிகள், ஒரு பாஸ்கட்பால் டீம்.
இரண்டையும் பற்றி அவர் கேட்பது ஒரே கேள்வி:
"எத்தனை அடி போலாமுங்க?"

சீசன் தொடங்கிய அன்று
கோச் தீனதயாளன் வெளியே உட்கார்ந்திருந்த ஏழு பேரையும்
ஒரு பார்வை அளந்து சொன்னார்:
"ஆயிரம் அடிங்க. தண்ணிக்குப் பஞ்சமில்லை."

ஏழு சிவப்பு நாற்காலிகள்.
திருச்செங்கோட்டுக் கல்யாண மண்டபத்தின் பெயர்
முதுகில் வெள்ளைப் பெயின்டில்.
ஏழாவதில் நான்.

ஏழாவது நாற்காலிக்கு வேலை உண்டு.
திறந்த பாட்டில்களை மூடுவது.
டைம் அவுட்டில் வட்டத்துக்கு வெளியே நின்று
கோச்சின் பலகையை எக்கிப் பார்ப்பது.
ஐந்தாம் தேதியானால் சம்பளம் வந்துவிடும்.
வீட்டுக்கு ஒறம்பரை வந்தால் மட்டும்
"யூடியூப்ல பாத்தமே, உன்னயக் காணமே சாமி" என்பார்கள்.
கேமரா ஆறாவது நாற்காலியோடு திரும்பிவிடும் என்று
அவர்களிடம் எப்படிச் சொல்ல?

கரூர் ஆட்டத்தில்
சென்னியப்பன் தாவிப் பிடித்துத் தரையிறங்கினான்.
உடம்பு திரும்பிவிட்டது, முட்டி திரும்பவில்லை.
முருங்கைக் கிளை முறிகிற சத்தம்
ஏழாவது நாற்காலிவரை கேட்டது.
"ஐயோ" என்றது வாய்.
வயிற்றுக்குள் ஒருவன்
தன் நாற்காலியை ஒரு முழம் முன்னால் இழுத்துப் போட்டான்.

அதற்குப் பிறகு
ஜோமோனுக்குக் கணுக்கால், பெருந்துறையில்.
பூவரசனுக்கு மோதிர விரல்.
சாதிக்குக்குத் தோள். தூக்கத்தில் திரும்பிப் படுத்தபோது என்றான்,
யாரும் நம்பவில்லை.
மூர்த்திராசுக்குத் தொடைநார்.
கடைசியாகக் குணாளனுக்கு அதே தொடைநார், இடது பக்கம்.

ஒவ்வொரு ஸ்கேனுக்கும் ஒரு நாற்காலி நகர்ந்தேன்.
ஆறு. ஐந்து. நான்கு.
ஒவ்வொரு தடவையும் ஆஸ்பத்திரிக்குப் போனேன்,
ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு.
கை கனத்தது,
கால் கனக்கவில்லை.

ஓனர் கோச்சைக் கூப்பிட்டார்.
"அறுநூறுல ஈரம் இல்லை. எண்ணூறுலயும் வெறும் புகைதான்.
இன்னும் ராடு இருக்குதுங்களா?"
கோச் என்னைப் பார்த்தார்.
"ஒண்ணு இருக்குதுங்க."

அரையிறுதி எங்கள் ஊரிலேயே.
முதல் நாற்காலியில் ஜெர்சியோடு நான்.
மற்ற ஆறிலும் ஜீன்ஸ், ஊன்றுகோல், கைத்தொட்டில்,
அமிர்தாஞ்சன் வாசம்.
தூரத்திலிருந்து பார்த்தவர்களுக்கு
பெஞ்சு நிறைந்துதான் இருந்திருக்கும்.

இரண்டாம் கால்பகுதியில் இன்பராஜ் நொண்டி வந்தான்.
நான் எழுந்தேன்.
என் சூடு ஆறுமுன்
என் நாற்காலியில் உட்கார்ந்தான்.

மூன்று பந்து போட்டேன்.
ஒன்று கண்ணாடியில் பட்டு, தயங்கி, விழுந்தது.
யாரோ என் பெயரைத் தப்பாகக் கத்தினார்கள்,
அதுவும் போதுமாயிருந்தது.

நான்காம் கால்பகுதி, ஆறு நிமிடம் பாக்கி.
கெண்டைக்கால் முறுக்கிக்கொண்டு உருண்டையாய் ஏறியது.
திரும்பி வெளியே பார்த்தேன்.

ஏழு நாற்காலி. ஏழு பேர்.
சென்னியப்பன் பாதி எழுந்தான், ஜிப்பில் கை வைத்து.
அப்புறம் ஞாபகம் வந்து உட்கார்ந்துவிட்டான்.

என் இடத்துக்கு ஆசைப்பட
அங்கே ஒருவனும் இல்லை.
நாற்காலியை ஒரு முழம் முன்னால் இழுத்துப் போட
ஒரே ஒரு துரோகி,
ஒரே ஒரு பசித்தவன்
இருந்திருக்கக் கூடாதா?

"தாங்குவயா?" என்றார் கோச்.
தலையாட்டினேன். வேறென்ன செய்ய.

நாலு புள்ளியில் தோற்றோம்.

விளக்குகளை ஒவ்வொன்றாய் அணைத்தார்கள்.
மண்டபத்துக்காரர் நாற்காலிகளை அடுக்கத் தொடங்கினார்,
நாளைக்கு முகூர்த்தமாம்.
நான் குனிந்து, திறந்து கிடந்த பாட்டில்களை மூடினேன்.
பழக்கம்.

எட்டாத தூரத்தில் கிடந்த ஒரு மூடியை
சென்னியப்பன் ஊன்றுகோலால்
என் பக்கம் தள்ளிவிட்டான்.