இடது மூலை

நவம்பரில் முதல் ஆட்டம். மூன்றாவது நிமிடம்.
திரும்பிப் பார்க்காமலே பந்தை எறிந்தேன்
இடது மூலைக்கு.
அங்கே யாருமில்லை.
கோட்டைத் தாண்டிய பந்து
வாத்தியக்குழுவில் டிரம்போன் வைத்திருந்த பையனின்
மடியில் போய் விழுந்தது.
எழுந்து நின்று, இரு கைகளாலும் திருப்பித் தந்தான்,
கண்டெடுத்த பர்ஸை ஒப்படைப்பவன் போல.

அரங்கில் ஒருவரும் சிரிக்கவில்லை.
அந்தப் பாஸ் யாருக்கென்று
பாப்கார்ன் விற்பவருக்கும் தெரியும்.

சோல்வெய் ஹாகன் ஏப்ரலிலேயே போய்விட்டாள்.
சாகவில்லை. முழங்கால் கிழியவில்லை.
தெற்கே, பனி விழாத ஊரில்,
பதினாறாயிரம் இருக்கைகள் கொண்ட பல்கலைக்கழகம் கூப்பிட்டது.
போனாள்.
நானாக இருந்தாலும் போயிருப்பேன்.
இந்த ஒரு வரியைச் சொல்ல
எனக்கு ஒரு கோடை முழுதும் பிடித்தது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்:
அவள் போன செய்தி வந்த இரவு
என் நிமிடங்களைக் கூட்டிப் பார்த்தேன்.
பன்னிரண்டு, முப்பத்தொன்று ஆகும்.
ஆனது.
பசித்துக் கிடந்தவளுக்கு விருந்து வந்தது,
செரிக்கவில்லை.

பயிற்சியாளர் டாண்டுரான்ட் உரையாற்றுகிறவர் அல்ல.
விளக்கை அணைத்து வீடியோவை ஓடவிட்டார்,
நிறுத்தினார், ஓடவிட்டார்.
திரையில் நாங்கள் நால்வர்
ஒரே இடத்தைப் பார்த்தபடி நிற்கிறோம்.
"பதினோரு வினாடி," என்றார்.
அவ்வளவுதான். விளக்கைப் போட்டார்.

புள்ளிகளைக்கூட எங்கிருந்தாவது தேற்றிவிடலாம்.
போனது அவள் வாய்.
"வலப்பக்கம் ஆள், டெசா, உன் வலப்பக்கம்!"
ஓயாத வாய். காது வலிக்கிறதென்று திட்டியிருக்கிறோம்.
இப்போது தடுத்தாடும்போது
காலணிகள் கிறீச்சிடுவது மட்டும் கேட்கிறது,
ஐந்து பேர்
ஐந்து தனி அறைகளில் ஓடுவது போல.

ஆறு ஆட்டம், ஆறும் தோல்வி.
சுபீரியர் ஏரியோரம்
வைப்பரை மீறிப் பனி கொட்ட, பேருந்து ஊர்கிறது.
எல்லோருடைய கைபேசியும் ஒன்றாக ஒளிர்ந்தது:
"மூணாவது கால்பகுதி பார்த்தேன். நல்லா ஆடினீங்க."
குழுவில் அவள் இன்னும் இருக்கிறாள்,
நீக்க யாருக்கும் கை வரவில்லை.
பதில் எழுதவும் வரவில்லை.

அவளுக்கு அங்கே நாலு நிமிடம்தான் கிடைக்கிறது.
சில இரவு அதுவும் இல்லை.
போர்வைக்குள் அந்தப் பட்டியலைத் தேடிப் படிப்பேன்.
இனிக்குமென்று நினைத்திருந்தேன்.

ஜனவரியில்
ஹேட்டி வூர்ஹீஸ், முதலாமாண்டு,
சோல்வெய் ஆடி ஒரு முறையும் பார்க்காதவள்,
தானாகப் போய் இடது மூலையில் நின்றாள்.
நிற்கக்கூடாதென்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை.
என் கை பழக்கத்தில் எறிந்தது.
பந்து நேராக மூக்கில்.
ரத்தம் சட்டையின் எண்ணில் சொட்ட,
பஞ்சை அடைத்துக்கொண்டே கேட்டாள்:
"நான் நிற்கிறது தெரிஞ்சுதானே போட்டே?"

தெரியாது என்று சொல்ல வாயெடுத்தேன்.
"ம்," என்றேன்.

அதற்கடுத்த எதிரணி வரவில்தான்
ஓனா பெலாஞ்சர்,
ஆறடி மூன்றங்குலம்,
உணவகத்தில் உப்பு கேட்கவும் கூச்சப்படுகிறவள்,
கத்தினாள்.
"இடது! இடது! நான் பின்னாடி இருக்கேன்!"
குரல் நடுவில் பிளந்து கீச்சென்றது.
எதிரணிகூட ஒரு கணம் திரும்பியது.
டெசா நகர்ந்தாள். ஷெரீஸ் நகர்ந்தாள்.
பந்து எங்கள் கையில்.

அன்றும் தோற்றோம், இரண்டு புள்ளியில்.

பேருந்தில் ஓனா
இருமல் மிட்டாயைச் சப்பிக்கொண்டிருந்தாள்.
தொண்டையைத் தொட்டுக் காட்டி
கையை விரித்தாள்: போச்சு.
பின்சீட்டில் ஹேட்டி, மூக்கு வீங்கி,
வாய் திறந்து உறங்கினாள்.
இரும்புத்தாது துறைமுக விளக்குகள் தெரியத் தொடங்கியபோது
குழுவைத் திறந்து
சோல்வெய்க்கு எழுதினேன்:
"நீ எப்படி இருக்கே?"

மூன்று புள்ளிகள் தோன்றின,
மறைந்தன,
தோன்றின.